அண்ணன் மாட்டுவதாகச் சொன்ன கார்டு

“தொட்டேன்னா கை முறிஞ்சிடும். கம்பெனிக்காரன் கோத்துக் குடுத்த கம்ப்யூட்டர் டப்பா அது. உனக்குத் திரும்ப மூடக்கூடத் தெரியாது.”

“பெரிய விஞ்ஞானி! கிராபிக்ஸ் கார்டு வாங்கி எவ்வளவு நாளாச்சு? எப்பதான் மாட்டப் போற?”

“மாட்டுவேன். நான்தான் மாட்டுவேன். மாட்டிட்டு கம்ப்யூட்டர உனக்கே குடுத்துடறேன். போதுமா, கழுதை?”

நானும் என் அண்ணனும் கடைசியாகப் பேசியது இதுதான். அடுத்த வாரம் அவன் தூக்கத்திலேயே போய்விட்டான்.

நான் சொல்லப்போவது நடந்தது. என் வீட்டில், முழு விழிப்பில் நடந்தது. நம்பாதவர்களோடு சண்டைக்கு வர மாட்டேன். நானே நம்பாமல் இருக்கப் படாதபாடு பட்டவள்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். எதைப் பழுது பார்த்தாலும், முடிந்ததும் விரல் முட்டியால் இரண்டு முறை தட்டுவான். “எழுந்திருடா தம்பி” என்பான். மிக்ஸிக்கும் அதே மரியாதைதான்.

அவன் போன பிறகு அண்ணி கம்ப்யூட்டரையும், பிரிக்காத கார்டு பெட்டியையும் என்னிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு போனிலும், “உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்...” என்று ஆரம்பிப்பார்.

“கேளுங்க அண்ணி.”

“ஒண்ணுமில்ல. சாப்டியா?”

எதையோ கேட்க வந்து விழுங்கிக்கொண்டிருந்தார். அது என்னவென்று தெரியாமல் எனக்கும் நிம்மதி போயிற்று.

நான் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவள். ஒரு வீடியோ மறுநாள் காலையில் போயாக வேண்டும். படத்தைத் திரைக்கு அனுப்பும் பழைய கார்டு மூச்சுத் திணறியது. கணவர் வெளியூரில். வருவது வரட்டும் என்று டப்பாவைத் திறந்தேன்.

பக்கத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டேன். பழைய கார்டை உருவினேன். புதியது செங்கல் போல் கனத்தது. அழுத்தினேன். ‘க்ளிக்.’ மானிட்டர் கேபிளை அதன் பின்னால் செருகி, பொத்தானைத் தட்டினேன்.

திரை கறுப்பு.

கழற்றி மறுபடி மாட்டினேன். கறுப்புதான். கார்டின் விசிறிகள் அசையவே இல்லை. அணைத்துவிட்டு, முகம் கழுவப் போனேன். இரவு மணி ஏழு நாற்பது.

டொக்... டொக்.

குழாயை நிறுத்தினேன்.

‘உஸ்ஸ்ஸ்...’ என்று விசிறிச் சத்தம்.

அறைக்கு வந்தேன். திரை எரிந்துகொண்டிருந்தது. நான் முடிக்காமல் விட்ட வீடியோ தானாகத் தயாராகிக்கொண்டிருந்தது.

சுவரைப் பார்த்தேன். தகடு இல்லை.

டப்பா மூடியிருந்தது.

கிண்ணம் காலி.

ஒவ்வொரு திருகாணியும்... இறுக்கமாக.

மறுநாள் வீடியோவை அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் திறந்து டார்ச் அடித்தார்.

“இத யாரு மாட்டினது, அக்கா?”

“நான்தான். ஏன்?”

“இந்தக் கார்டுக்குத் தனியா ஒரு பவர் ஒயர் குடுக்கணும். இந்த டப்பாவுல அந்த ஒயரே கிடையாது. பவர் பாக்ஸையே மாத்தணும்.”

“நேத்து ராத்திரி பூரா ஓடுச்சே!”

“வேற ஏதாவது கம்ப்யூட்டரா இருக்கும்க்கா” என்று சிரித்தார். பொத்தானை அழுத்தினார்.

திரை கறுப்பு.

அவர் போனதும் அண்ணிக்குப் போன் செய்தேன்.

“அண்ணி... நேத்து அந்த கார்டு மாட்டினேன்...”

நான் முடிப்பதற்குள் அண்ணி மெதுவாகக் கேட்டார்.

“ரெண்டு தடவ தட்டுற சத்தம் கேட்டுச்சா?”

நான் அதைச் சொல்லவே இல்லை.

“அவர் போனப்புறம் இங்க தினமும் அந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து கேக்கும்மா. ஒயரெல்லாம் உருவி மூலையில வெச்சேன். அப்பவும் கேட்டுச்சு. பயந்துதான் உன்கிட்ட குடுத்தேன்...”

மூக்கை உறிஞ்சினார்.

“இப்ப வீட்ல ஒரு சத்தமும் இல்ல. என்னால முடியலம்மா... அத எனக்கே திருப்பிக் குடுத்துடறியா?”