நான் பட்டினி கிடந்த படம்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. ஒன்பது பிள்ளைகளை வளர்த்தேன். ஏழு நான் பெற்றது, இரண்டு என் கொழுந்தனார் விட்டுப்போனது. ஒன்பதும் ஒரு வேளைகூட வயிறு காய்ந்து படுத்ததில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் மதராஸ் பக்கத்தில் என்னைப் பட்டினிக்காரி என்று நினைத்துக்கொண்டே செத்துப்போனவர்கள் நிறையப் பேர் உண்டு. காரணம் சினிமா.

ஊமைப்படக் காலம் அது. பினாங்கில், செட்டியார்கள் வட்டிக்குப் பணம் கொடுக்கிற கிட்டங்கிகள் இருந்த தெருவில் எங்களுக்கு ஒரு சாப்பாட்டுக்கடை. என் வீட்டுக்காரர் அடுப்படியில், நான் முன்னால். பெண்பிள்ளை கடை முன்னால் நிற்பது பல பேருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதவர்களும் என் கையால்தான் வாங்கிச் சாப்பிட்டார்கள். கிட்டங்கி ஆட்களுக்கு மாதச் சாப்பாடு, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் காலைப் பலகாரம், இரண்டும் எங்கள் கடையில்தான். எதிர்வரிசையில் புதிதாக ஒருவர் கடை திறந்திருந்தார். எங்கள் சாம்பாரில் ஒரு குறை கிடைக்காதா என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பாவம், நாற்காலிதான் தேய்ந்தது.

அப்போது மதராஸிலிருந்து கப்பலில் ஒரு படக்காரர் வந்து எங்கள் மாடி அறையில் தங்கினார். கதர் ஜிப்பா, வட்டக் கண்ணாடி. மலாயாத் தமிழரைப் படம் பிடித்து ஊரில் காட்டப்போகிறாராம். சீமைச் சாமான் எதையும் தொடுவதில்லை என்று விரதம் வேறு. படம் பிடிக்கிற பெட்டி மட்டும் ஜெர்மனியில் செய்தது. அது என்ன கணக்கு என்று கேட்டேன்.

"ஆயுதத்துக்கு ஜாதி கிடையாதம்மா" என்றார்.

படித்தவர். விட்டுவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். சினிமா ஏழையின் பள்ளிக்கூடம் என்பார். பட்டணம் என்பது மனிதனைப் போட்டு அரைக்கிற ஆட்டுக்கல் என்பார். அவர் தின்கிற இட்லிக்கு மாவரைத்த ஆட்டுக்கல் அவர் முதுகுக்குப் பின்னால்தான் கிடக்கும், அதை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. இந்த ஊருக்கு ஆத்மாவே இல்லை, எல்லாரும் விற்கிறார்கள் அல்லது வாங்குகிறார்கள் என்று ஒருநாள் வருத்தப்பட்டார். வேறு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் அரசியல் கேட்க ஆசைப்படுவார். சுயராஜ்யம் எப்போது வரும் என்று கேட்டார். ஜனங்கள் விழித்துக்கொண்டால் அன்றைக்கே வரும் என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் விழிப்பது காலை பத்து மணிக்கு.

ஒருநாள் கப்பல் ஊதிய சத்தத்தில் தூக்கம் கலைந்து விடியற்காலையில் இறங்கி வந்துவிட்டார். வினை அன்றைக்குத்தான் பிடித்தது.

எங்கள் ஊரில் காலையில் ஒருவரைப் பார்த்தால் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்போம். காலைப் பலகாரம் ஆயிற்றா என்று அர்த்தம். அதற்குமேல் அதில் ஒன்றும் கிடையாது. நமஸ்காரம் சொல்வதுபோல ஒரு வார்த்தை. அன்றைக்கும் வருகிறவர்களை எல்லாம் வழக்கம்போலக் கேட்டேன். மூட்டைக்காரர்கள் திருப்பி என்னைக் கேட்டார்கள். தெருவில் போன மலாய்ப் போலீஸ்காரர் என் வீட்டுக்காரரிடம் "சுடா மக்கான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதுவும் சாப்பிட்டாயிற்றா என்பதுதான். ரிக்‌ஷாக்காரச் சீனர் தன் பாஷையில் அதையே கேட்டார். படக்காரர் கையில் இட்லி அப்படியே நின்றது. கண்ணில் தண்ணீர். நான் சட்னியில் காரம் கூடிவிட்டது என்று நினைத்தேன்.

"எத்தனை நாளா இப்படிக் கேட்டுக்கிறீங்க?" என்றார்.

"கடை தொறந்ததுலேருந்துதான் தம்பி."

இட்லியை வைத்துவிட்டுப் பெட்டி எடுக்க மாடிக்கு ஓடினார்.

மறுநாள் காலையில் படம் பிடித்தார். தொங்கிய வாழைத்தாரை இறக்கச் சொன்னார். பலகார அலமாரிமேல் சாக்கைப் போர்த்தினார். வந்தவர்களில் மெலிந்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கி வரிசையில் நிற்கவைத்தார். எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவர், மாட்டுவண்டி ஓட்டுகிறவர், நல்ல பருமன். அவரைக் கையைப் பிடித்து ஓரமாக ஒதுக்கினார்.

"ஏன், என்னைப் பாத்தா தமிழனாத் தெரியலையா?" என்று வண்டிக்காரர் கேட்டார்.

"தெரியுது அண்ணே. ஆனா ஜனங்க நம்பமாட்டாங்க."

என்னிடம் வழக்கம்போல எல்லாரையும் கேளுங்கள் என்றார். கேட்டேன். பெட்டியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே, "இன்னும் மெதுவா, இன்னும் மெதுவா" என்றார். அடுப்பில் பால் இருந்தது. அது பொங்கிவிடுமே என்ற கவலையில் என் முகம் வாடியிருக்கும். அந்த வாட்டம்தான் வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பிலிமைச் சிங்கப்பூருக்கு அனுப்பிக் கழுவி வரவழைத்தார். மதராஸுக்குக் கொண்டுபோகும் முன் பினாங்குக் கொட்டகையில் ஒரு ஆட்டம் என்று ஏற்பாடு. அதற்கு முதல் நாள் எங்களை உட்காரவைத்து, படத்துக்கு நடுவில் வருகிற எழுத்தைப் படித்துக் காட்டினார். என் முகம் வந்ததும் இப்படி எழுத்து வருமாம்: 'இந்நாட்டில் தமிழன் தமிழனைக் கண்டால் கேட்கும் முதல் கேள்வி: உன் பசி ஆறியதா? ஆறவில்லை என்பதே பதில்.'

எனக்கு உடம்பு எரிந்தது. சாப்பாட்டுக்கடைக்காரி பட்டினியாக நின்றால் அந்தக் கடையில் எவன் சாப்பிடுவான்? கிட்டங்கி ஆட்கள் மறுநாளே எதிர்வரிசைக்குப் போய்விடுவார்கள். நாற்காலிக்காரர் எழுந்து நின்று வரவேற்பார்.

"பசியாறுறதுன்னா காலையில சாப்பிடுறது தம்பி. அவ்வளவுதான். அந்த எழுத்தை எடுத்துப்போடுங்க."

"உங்களுக்குத் தெரியலைம்மா. பசியைத் தினமும் சொல்லிச் சொல்லி அது பசின்றதே மறந்துபோச்சு. அந்த வார்த்தைக்கு அடியில கண்ணீர் இருக்கு."

"அடியில சாம்பார்தான் இருக்கு. மொண்டு காட்டட்டுமா?"

என் வீட்டுக்காரர் இருமினார். அவர் இருமினால் சிரிக்கிறார் என்று அர்த்தம்.

"அது உங்க முகமே இல்லைம்மா. பாரத மாதாவோட முகம்."

"அப்படியா. பாரத மாதாவுக்கு அந்த மூக்குத்தியை எங்க வீட்டுக்காரர் எப்ப வாங்கிக் குடுத்தார்?"

கலைஞன் யாருக்கும் வளையமாட்டான் என்று சொல்லிவிட்டு, இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனார்.

மறுநாள் ஆட்டத்துக்குப் போனேன். போகாமல் வீட்டில் இருந்தால் வெட்கப்பட்டதாக ஆகும். என் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, பெண்கள் பக்கத்தில் திரைச்சீலை ஓரமாக உட்கார்ந்தேன். ஆண்கள் பக்கத்தில் தெருவே வந்திருந்தது. எதிர்க்கடைக்காரர் முன்வரிசையில். அங்கேயும் அவருக்கு நாற்காலி.

கப்பல் வந்தது, துறைமுகம் வந்தது, பிறகு நான் வந்தேன். என் மூக்கு மட்டும் ஒரு ஆள் உயரம் இருந்தது. எழுத்தும் வந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் நின்று உரக்கப் படிப்பார். அவர் அழுகைக் குரலில், "உன் பசி ஆறியதா?" என்று இழுத்தார். எதிர்க்கடைக்காரர் திரும்பிக் கிட்டங்கி ஆட்களைப் பார்க்கிறார்.

அப்போது ஒரு மூட்டைக்காரர் இருட்டிலிருந்து, நிதானமாக, திரையில் இருந்த எனக்குப் பதில் சொன்னார்.

"ஆச்சுக்கா. நாலு இட்லி."

"எனக்கு இன்னும் தோசை வரலை" என்றது இன்னொரு குரல்.

"நான் பசியாறலைக்கா. என்னைத்தான் குண்டுன்னு கழிச்சு விட்டுட்டாங்களே." இது வண்டிக்காரர்.

அதற்குப்பின் கொட்டகை அடங்கவில்லை. கிட்டங்கிக் கணக்கப்பிள்ளைகள், வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்திராதவர்கள், வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார்கள். படக்காரர் நடுவில் எழுந்து நின்றார்.

"இது சிரிக்கிற இடமில்லை. இது உங்க துன்பம்."

"தம்பி முகம் வாடிக் கிடக்கே. பசியாறிட்டீங்களா?" என்று யாரோ அக்கறையாக விசாரித்தார்கள். பாதிப் படத்தில் விளக்கைப் போடவேண்டியதாகிவிட்டது.

மறுநாள் எங்கள் கடையில் நிற்க இடமில்லை. படக்காரர் பினாங்கு ஜனங்களுக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தேன். ஆத்மா இல்லாத ஊர்ச் சோறு என்று ஒதுக்கவில்லை, வாங்கிக்கொண்டார்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த வருஷம் என் நாத்தனார் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கினார். தலையில் ஒரு மூட்டை அரிசி. என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"ஒன்னைப் படத்துல பாத்தேன் அண்ணி. கொட்டகையே அழுதுச்சு. தெருவுல வீட்டுக்கு ஒரு படி அரிசி போட்டாங்க."

கடையைச் சுற்றிக் காட்டினேன். உட்காரவைத்துப் போட்டேன். நன்றாகவே சாப்பிட்டார், ஒரு மாதம் இருந்தார், சதை போட்டுத் திரும்பினார். ஊருக்குப் போய் என்ன சொன்னார் தெரியுமா? அண்ணி ரொம்ப மானஸ்தி, தான் பட்டினி கிடந்துகொண்டு எனக்குப் போட்டாள் என்று சொன்னார். அதைக் கேட்டு ஊர் இன்னொரு தடவை அழுததாம். அந்த அரிசியைப் புடைத்துப் பார்த்தேன், பாதி கல். கோழிக்குப் போட்டேன்.

பினாங்கில் என் பெயரை ஒரு மூட்டைக்காரர் ஒரு வார்த்தையில் காப்பாற்றிவிட்டார். அக்கரைக்குப் போய்ச் சொல்ல அப்படி ஒருவர் இல்லை. படக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்வி. பிலிம் எங்கேயாவது பெட்டியில் இருக்கும், நானும் அதில் பட்டினியாக இருப்பேன். அதனால்தான் எழுத்துக் கூட்டிக் கூட்டி இதை எழுதினேன். நாத்தனார் பேரப்பிள்ளைகள் விலாசம் என் மகனிடம் இருக்கிறது, அவர்களுக்கு அனுப்பப்போகிறேன்.

ஏ பேரப்பிள்ளை, உன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இங்கே வந்து உட்கார். முதலிலிருந்து வாசி. மெதுவாக வாசி, எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள், வார்த்தையைத் திருத்தாதே. எங்கேயாவது உன் குரல் சோகமாகப் போனால் நிறுத்திவிடுவேன்.