படகு காருக்கு அகலச் சக்கரம்

எங்கள் தெருவில் எல்லோரும் அதைப் படகு கார் என்றுதான் சொல்வார்கள். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டில் ஒன்றைப் படகு என்று சொன்னால் அது வாய்க்கு வந்த பேச்சு இல்லை. நீளம் எவ்வளவு, நிறுத்த எத்தனை இடம் பிடிக்கும், உப்புக்காற்றில் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று எல்லாம் பார்த்துத்தான் சொல்வார்கள். அந்தப் பழைய அமெரிக்கக் கார் எல்லாவற்றிலும் தேறியது. முன் சீட்டு நடுவில் பிரிவே இல்லாத ஒரே நீள பெஞ்சு. பின்னால் இரண்டு பக்கமும் தகடு மீன் வால் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும்.

என் வீட்டுக்காரர் விசைப்படகு இஞ்சின் மெக்கானிக். ராயபுரத்தில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது, ஷெட்டில் கிடந்த அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று அதன் சொந்தக்காரர் கைகூப்பாத குறையாகச் சொல்லியிருக்கிறார். இவர் மீன் வேனில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். தொண்ணூறுகளின் கடைசி. ஒரு கிரைண்டர் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துக்கொண்டிருந்த நேரம் அது. கிரைண்டர் வரவில்லை, கப்பல் வந்து தெருவை அடைத்துக்கொண்டது.

பெட்ரோல் இஞ்சின் போட்டால் நம்மைக் குடித்துவிடும் என்று டீசல் இஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். அதோடு பொருத்தம் முழுமை பெற்றது. ஸ்டார்ட் செய்தால் படகு கிளம்புகிற சத்தமேதான். தெருக்கோடியில் தூங்குகிறவர்கள் கடலுக்குப் போக நேரமாகிவிட்டதென்று எழுந்து உட்கார்ந்த கதையெல்லாம் உண்டு. ஆனால் சத்தம்தான், ஓட்டம் இல்லை. சக்கரம் நாலும் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தன. அந்தப் பழைய அளவுக்கு டயரும் எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் வண்டி செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. நான் அதன் மேல் வடாம் காயப்போட்டேன்.

என் அம்மா எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். மார்க்கெட்டில் மீன் விற்பவள். அவள் அந்தக் காரைப் பார்த்தாலே, "இந்தக் கலீஜ் சாமான இன்னும் தூக்கிப் போடலியா?" என்பாள். ஆனால் அவளுக்குத்தான் ஒரு கார் தேவைப்பட்டது. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, பழவேற்காட்டில் வாழ்க்கைப்பட்டவள். இறால் வியாபாரக் குடும்பம், வசதி. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவள் வீட்டில் ஒரு விசேஷம். அம்மா மார்க்கெட்டை முடித்துவிட்டு, கூடையும் கையுமாக பஸ் மாறி மாறிப் போய் இறங்கினாள். வாசலில் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மா ஓடிவந்து, "இன்னாடி இப்டி வந்து நிக்கற? ஒரு ஆட்டோவுல வரக்கூடாதா?" என்றாள். கூச்சத்தில் சொன்னதுதான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அம்மாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "இனிமே உன் வூட்டு வாசல்ல வந்து எறங்குனா சொந்தக் கார்ல பின்னாடி குந்திகினு வந்துதான் எறங்குவேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்சைப் பிடித்துவிட்டாள்.

அதற்கப்புறம் பெரியம்மாதான் எங்கள் வீட்டுக்கு வருவாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், சிரிப்பார்கள், அழுவார்கள். ஆனால் அம்மா மட்டும் அங்கே போகமாட்டாள். வாடகைக் கார் வைத்துக்கொண்டு போயேன் என்றால், "அப்போ அது வாடக வாக்குதானே?" என்பாள். பிடிவாதத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எனக்கும் அதில் கொஞ்சம் வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

ஒரு நாள் பழவேற்காட்டிலிருந்து தகவல் வந்தது. பெரியம்மாவுக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது. ஒரு கண் போயே போய்விட்டது, இன்னொன்றும் மங்கிக்கொண்டு வருகிறது. அவளால் இனி இங்கே வர முடியாது. அன்று சாயங்காலம் அம்மா நேராக எங்கள் வாசலுக்கு வந்தாள். வடாம் தட்டை நகர்த்திவிட்டுக் காரின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மாப்ள, இது எப்போ ஓடும்?"

"இன்னாத்துக்கு அத்த?"

"அவ கண்ணு தெரியறப்போவே போய் எறங்கணும்."

அவ்வளவுதான். மறுநாளே இவர் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குக் கிளம்பிவிட்டார்.

கிளம்புமுன் இவர் செய்ததைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் பக்கம் வலைக்கண்ணை விரலால்தான் அளப்பார்கள். மீன்காரர்களுக்கு விரலை விட நம்பகமான அளவு கிடையாது. இவரும் காருக்கடியில் படுத்து, பழைய சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டு, "உள்ள ரெண்டு வெரலு, வெளிய மூணு வெரலு" என்று மனப்பாடம் செய்துகொண்டார். டேப் வைத்து அளக்கக் கூடாதா என்று கேட்டேன். "டேப்பு அறுந்துடும், வெரலு அறுந்துடுமா?" என்று என்னையே கேட்டார்.

புதுப்பேட்டைக் கடைக்காரர், "யாரு வெரலு மாமு?" என்று கேட்டாராம். இவர் தன் கையை நீட்டிக் காட்டியிருக்கிறார். இஞ்சினில் கிடந்து வீங்கி, வெண்டைக்காய் மாதிரி முற்றிப்போன விரல்கள். கடைக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லையாம். ஆனாலும் ஏதோ வெளிநாட்டு ஜீப்பிலிருந்து கழற்றிய நான்கு அலாய் வீல்களை, அஞ்சு போல்ட் ஓட்டையும் பொருந்துகிற மாதிரி, எடுத்துக் கொடுத்துவிட்டார். பழையதைவிட அகலம். அதற்கேற்ற குண்டு டயரும் சேர்த்து வாங்கினார்.

அலாய் வீல் தடிமன் என்பதால் பழைய போல்ட் எட்டவில்லை. நடு ஓட்டையும் சின்னது. ராயபுரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் ஓட்டையைப் பெரிதாக்கி, நீள போல்ட் கடைந்து வாங்கிவந்தார். அந்த வண்டியில் இன்னொரு கூத்து, இடது பக்க நட்டுகளுக்கு மரை தலைகீழ். உதவி செய்கிறேன் என்று வந்த பக்கத்து வீட்டுக்காரர் கழற்றுவதாக நினைத்து மூச்சு முட்ட இறுக்கிவிட்டுப் போனார். அதைக் கழற்ற இவருக்குத் தனியாக ஒரு பொழுது ஆயிற்று.

கடைசியில் செங்கல்லை உருவிக் காரை இறக்கினபோது நானே வாயைப் பிளந்துவிட்டேன். பழைய நீல உடம்புக்கடியில் அந்த வெள்ளி நிறச் சக்கரங்கள் பளபளவென்று நின்றன. டயர் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்த்தது. கிழவருக்கு ரீபாக் ஷூ மாட்டின மாதிரி இருக்கிறது என்று கிண்டல் செய்தேன், ஆனால் உள்ளுக்குள் பெருமைதான். அவர் அன்றிலிருந்து யாரையும் காரில் சாயக்கூட விடவில்லை. துடைத்த துணியையே மறுபடி துவைத்துத் துடைத்தார். என் வடாம் மொட்டைமாடிக்குப் போனது. நானும் அவரும் அரைச் சுற்று போய்ப் பார்த்தோம். எங்கேயும் உரசவில்லை. "வெரலு பேசுதா?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். சாட்சிக்கு வேண்டும் என்று மார்க்கெட் தோழிகள் இரண்டு பேரையும் கூட்டிவந்தாள். மூவரும் நல்ல வாட்டசாட்டம். பின் சீட்டில் இடது ஓரத்தில் அம்மா, பக்கத்தில் அவர்கள், டிக்கியில் கருவாட்டு மூட்டை. முன்னால் நானும் அவரும். கார் பின்பக்கம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டது.

திருவொற்றியூர் தாண்டுவதற்குள் கன்டெய்னர் லாரிகள் பெயர்த்த ஒரு பள்ளத்தில் இறங்கினோம். பின்னால் கிரீச்சென்று ஒரு சத்தம். அடுத்த பள்ளத்தில் மறுபடியும். பிறகு ரப்பர் கருகுகிற நாற்றம். ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், பின் மட்கார்டின் உள்விளிம்பு இரண்டு பக்கமும் டயரைச் சீவிக்கொண்டிருந்தது. மூன்று விரல் இருந்த இடத்தில் ஒரு விரல்கூட நுழையவில்லை. அத்தனை படகைப் பார்த்த மனுஷன், பாரம் ஏற்றினால் அமுங்கும் என்பதை மறந்து, காலி வண்டியில் அளந்திருக்கிறார்! எனக்கு வந்த கோபத்துக்கு நடுரோடு என்றுகூடப் பார்க்கவில்லை, நன்றாகக் கேட்டுவிட்டேன். அவர் குனிந்து டயரையே தடவிக்கொண்டிருந்தார்.

தோழிகள் பஸ்ஸில் போய்விடுகிறோம் என்று இறங்கினார்கள். அவர்கள் இறங்கியும் அம்மா பக்கம் இடிக்கத்தான் செய்தது. அம்மாதான் வாயைத் திறந்தாள்.

"நான் முன்னாடி வந்து குந்திக்கறேன் மாப்ள. நீ மனசு கஷ்டப்படாத."

பின் சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்குவேன் என்று அத்தனை வருஷம் வைராக்கியமாக இருந்தவள், தன் வாயாலேயே அதை விட்டுக்கொடுத்தாள்.

அவர் சாலையோரம் நின்ற லாரிக்காரரிடம் போய்ப் பெரிய சுத்தியல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். "நீ பின்னாலயே குந்து அத்த. காருதானே, நவுந்து குடுக்கும்" என்றார். குந்திப் பார்த்து, கையை விட்டு, மட்கார்டின் விளிம்பை அடித்து வெளியே மடக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்து அமெரிக்கத் தகடு லேசில் மடங்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நீல பெயின்ட் பொரிந்து கொட்டியது. யாரும் சாயக்கூடாது என்று காவல் காத்த மனுஷன், தன் கையாலேயே அதை அடித்துக்கொண்டிருந்தார். முடிக்கும்போது அவர் கண் கலங்கியிருந்தது. வியர்வை என்று சொன்னார்.

மணலி, மீஞ்சூர், பொன்னேரி என்று மெதுவாக உருட்டிக்கொண்டு பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம். டீசல் சத்தம் கேட்டுத் தெருவே வெளியே வந்துவிட்டது. பெரியம்மாவை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அம்மா கதவைத் திறந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக இறங்கினாள். "அக்கா, வந்துட்டேன். கார்ல வந்துகீறேன் பாரு" என்றாள்.

பெரியம்மா சத்தம் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பினாள். முகம் சரியாகத் திரும்பவில்லை. அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்த இன்னொரு கண்ணும் போய்விட்டிருந்தது.

"கிட்ட கூட்டினு போடி, பாக்கறேன்" என்றாள் பெரியம்மா.

அம்மா அவள் கையைப் பிடித்துக் காரின் மேல் வைத்தாள். பெரியம்மா மெதுவாகத் தடவிக்கொண்டே நடந்தாள். கதவு, கண்ணாடி, மீன் வால் தகடு. பிறகு குனிந்து சக்கரத்தைத் தடவினாள். டயரின் அகலத்தை விரல் விரலாக அளந்து, "யம்மாடி, எம்மாம் பெருசு!" என்றாள். அவள் விரல்கள் டயரிலிருந்து மேலே ஏறி மட்கார்டில் போய் நின்றன.

"இங்க இன்னாடி, நெளிஞ்சி கீது?"

அம்மா என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அக்காவின் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"அது எனக்கோசரம் நெளிச்சதுக்கா" என்றாள். "நான் பின்னாடி குந்திகினு வரணும்னு, எம் மருமவன் அடிச்சு நெளிச்சது."