ஐஸ் இல்லாத வீடு

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் ஐஸ் கிடையாது. ஜார்ஜ்டவுன் வெயிலில் வியர்த்து விறுவிறுத்து வருகிறவர்கள், அம்மா நீட்டும் வெதுவெதுப்பான பார்லித் தண்ணீரைப் பார்த்து முழிப்பார்கள். அக்கா இருந்த காலத்தில் பெட்டியில் இரண்டு ஐஸ் தட்டுகள் எப்போதும் நிறைந்திருக்கும்.

அக்கா புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். ஏதோ வைரஸ் காய்ச்சல் வந்து போனது. அது விட்ட சில நாளில், சிறுநீர் கோப்பி நிறத்தில் போவதாக அம்மாவிடம் கூச்சத்தோடு சொன்னாள். அம்மாவின் வைத்தியத்தில் உலகத்து நோயெல்லாம் ஒன்றுதான்: சூடு. முகத்தில் பரு வந்தாலும் சூடு, பரீட்சையில் தோற்றாலும் சூடு. "ஒடம்பு கொதிக்குதுலா. இத குடி, எறங்கிரும்" என்று ஐஸ் மிதக்கும் பார்லியை நீட்டினாள். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் தலைக்கும் ஊற்றினாள். அக்காவின் கண்கள் மஞ்சளாயின. விரல் நுனிகள் நீலம் பாரித்தன. சூடு இன்னும் இறங்கவில்லை என்று அம்மா பார்லியில் மேலும் ஐஸ் போட்டாள்.

மருத்துவமனையில் எடுத்த ரத்தம் குழாயிலேயே திரிதிரியாகக் கட்டியது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் கட்டியது. நம் ஆளான தமிழ்ப் பெண் டாக்டர் அக்காவின் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த குழாயை வெந்நீர்க் குவளையில் நிறுத்தித் தானே லேபுக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். அது கட்டவில்லை.

"வைரஸ எதிர்க்க வந்த சக்தி இப்ப இவங்க ரத்தத்தையே ஒடைக்குதும்மா. ரொம்ப அபூர்வம். குளிர் பட்டா இன்னும் மோசமாயிரும். சில்லுனு ஏதும் குடுத்தீங்களா?"

ஐஸ் பார்லியையும் பச்சைத் தண்ணீரையும் அம்மா சொன்னாள். ஐஸால் இந்த நோய் வராது என்று டாக்டர் பிறகு எத்தனையோ விதமாகச் சொன்னார். அம்மா இன்றுவரை அதை நம்பவில்லை.

குளிர் வராதபடி ஏர்கோனை அடைத்தார்கள். கம்பளிமேல் கம்பளி போர்த்தினார்கள். ஏற்றுகிற ரத்தத்தையும் சூடாக்கியே ஏற்றினார்கள். அம்மா அக்காவின் கைகளைத் தன் கக்கத்தில் இடுக்கியபடி உட்கார்ந்திருந்தாள். விரல்களில் சிவப்பு திரும்பியபோது அவள் பிழைத்துவிட்டாள் என்றே நாங்கள் நினைத்தோம். ஆனால் உள்ளே ரத்தம் உடைவது நிற்கவில்லை. மறுநாள் மத்தியானம் அக்கா போய்விட்டாள்.

பிணவறையில் குளிர்ப்பெட்டியை இழுத்த ஊழியரின் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, அதுல வேணாம்பா. அவளுக்குக் குளுரு ஆகாது."

வீட்டுக்கு வந்ததும் ஐஸ் தட்டுகளைத் தொட்டியில் கவிழ்த்து வெந்நீரை ஊற்றினாள். கடைசிக் கட்டி கரையும்வரை அங்கேயே நின்றாள். தட்டுகளை அன்றே தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

நேற்று எனக்கு லேசான காய்ச்சல். அம்மா என் நெற்றியைத் தொடவில்லை. ஜன்னலோரம் இழுத்துப் போய், என் விரல்களை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.