திருப்பத்துக்கு ஒரு ஹாரன்

ஒரகடத்தில் கார் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு யார்டு டிரைவர் வேலை. பாகங்களைப் பூட்டும் லைனிலிருந்து இறங்கும் புது வண்டியை ஓட்டிக்கொண்டு போய், யார்டில் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். அங்கிருந்து டிரெய்லர்காரர்கள் ஏற்றிக்கொண்டு போவார்கள். கூப்பிடு தூரம்தான். இருபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது. புறப்படும் முன் ஒரு ஹாரன், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு ஹாரன். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக், நியூட்ரல், இஞ்சின் ஆஃப். கடைசியாக ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கட்டைவிரலைக் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ புது வண்டி என் கையில் வந்து போகும். எதிலும் இரண்டாவது கியரைத் தாண்டியதில்லை. வண்டி ஓட்டித்தான் பிழைக்கிறேன், ஆனால் வண்டி ஓட்டினேன் என்று சொல்ல எனக்கே வாய் வராது.

இந்த வேலைக்கு அடையாளம் கழுத்தில் தொங்கும் மஞ்சள் அட்டை. அது போனால் மறுபடியும் லைனில் போய் நிற்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அங்கே நின்றுதான் வலது முழங்கால் ஜவ்வு தேய்ந்தது. இனி நின்று பார்க்கும் வேலையே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே எனக்கு அந்த அட்டைதான் முட்டி, அதுதான் சோறு.

போன வருஷம் எங்கள் யார்டில் ஒருத்தன் புது வண்டியை வட்டமடித்து, டயர் புகைய விட்டு, அதை வீடியோ எடுத்துப் பரப்பினான். மறுநாளே அவன் அட்டை போயிற்று. அதோடு விடாமல் எங்கள் சேஃப்டி ஆபீசர் ஒரு காகிதம் அடித்து எல்லா டிரைவர்களிடமும் கையெழுத்து வாங்கினார். வெளியே எந்தக் கார் போட்டியிலும் கலந்துகொள்ள மாட்டோம், மீறினால் அட்டையைத் திருப்பித் தருகிறோம் என்று அதில் இருந்தது. நானும் போட்டேன். அப்போது அது எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

சில மாதம் கழித்து டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். வடக்குப்பட்டுப் பக்கம் டிரெய்லர் நிறுத்தும் பெரிய தார் மைதானத்தில் ஞாயிறு காலை ஆட்டோகிராஸ். ரப்பர் கோன்களை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். கோனைத் தட்டாமல் யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று கடிகாரம் பார்ப்பார்கள். கீழே கடைசி வரியில், ‘வீட்டு டீசல் வண்டிகளுக்குத் தனிப் பிரிவு’ என்று போட்டிருந்தது. அந்த வரியைப் படித்ததும் எனக்குப் புத்தி கெட்டுவிட்டது.

எங்கள் வீட்டில் இருப்பது ஏழு பேர் உட்காரும் பழைய டீசல் வண்டி. மணிமங்கலத்தில் இருக்கும் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும், பிள்ளைகளை டியூஷனில் விடவும், கல்யாணம் காட்சிக்கு ஆள் ஏற்றவும் அதுதான்.

“இன்னாய்யா, பைத்தியம் கிய்த்தியம் புடிச்சிக்கிச்சா?” என்றாள் மனைவி. “கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு ரேசுக்குப் போறேன்ற.”

“ஹெல்மெட் போட்டுக்கினுதான ஓட்டப் போறேன்? என்னை எவன் பாக்கப் போறான்?”

“பாத்துட்டா? நாளைக்கு லைன்ல நிக்கப் போறது உன் முட்டியா, என் முட்டியா?”

ஞாயிறு காலை ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவளும் விடவில்லை, என்னைத் தனியே அனுப்பப் பயந்து கூடவே வந்துவிட்டாள்.

மைதானத்தில் முதல் வேலையாக வண்டிக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். ஒவ்வொன்றாக இறக்கினோம். குடை, பாய், இரண்டு தண்ணீர் பாட்டில், மாமியாரின் ஸ்கேன் படங்கள் இருந்த பை, ஜோடி இல்லாத ஒரு செருப்பு, பாதி அரிசி மூட்டை. எல்லாவற்றையும் ஓரமாகக் குவித்து, அதற்குக் காவலாகப் பாயை விரித்து மனைவி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் குட்டிக் குட்டி பெட்ரோல் வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. எங்களைப் பார்த்து யாரோ, “அண்ணே, குடும்பத்தோட குடி வந்துட்டீங்களா?” என்று கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினேன்.

கொடி இறங்கியதும் மிதித்தேன். டீசல் வண்டி மிதித்தவுடன் ஓடாது. ஒரு நொடி யோசிக்கும், அப்புறம் பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி பாயும். முதல் வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது, என் வயிறு இன்னொரு பக்கம் சாய்ந்தது. இரண்டாவது வளைவில் பிடி கிடைத்துவிட்டது. பாய்வதற்கு ஒரு நொடி ஆகும் என்றால் ஒரு நொடி முன்னாலேயே மிதித்தால் போயிற்று. அப்புறம் கோன்கள் தாமாக விலகி வழி விட்டன. மூன்றாவது கியர்! பதினைந்து வருஷமாக வீட்டில் இருக்கிற வண்டி இப்படியெல்லாம் ஓடும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஒரு கோன்கூடத் தட்டாமல் கடைசிக் கட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினேன்.

வெளியே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று புரியவில்லை. மனைவி ஓடி வந்தாள்.

“ஏன்யா, ஒவ்வொரு திருப்பத்துலயும் ஹாரன் அடிச்சிக்கினே போன? ரேசுல குறுக்க மாடா வருது?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடித்தது எனக்குத் தெரியவே தெரியாது. தலையைத் திருப்பினால், என் கை இன்னும் ஜன்னலுக்கு வெளியே கட்டைவிரலைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினேன். அடுத்த வரிசையில், தன் வீட்டு டீசல் வண்டியில் சாய்ந்தபடி, கையில் ஹெல்மெட்டோடு எங்கள் சேஃப்டி ஆபீசர் நின்றுகொண்டிருந்தார். நேராக என்னைப் பார்த்தார். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குடை, பாய், அரிசி எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டோம். வழியில் மனைவிதான் ஆரம்பித்தாள்.

“அவரும்தான வந்துகீறாரு? அவரு மட்டும் யோக்கியமா?”

“அவரு டிரைவர் இல்ல. கையெழுத்து போட்டது நான்.”

வீட்டுக்கு வந்ததும் என் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள், நான் கேட்காமலேயே. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

திங்கட்கிழமை ஷிஃப்ட் தொடங்கி அரை மணி நேரத்தில் சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். மேஜைமேல் நான் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது. அவர் கேட்பதற்கு முன்பே கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தேன்.

அவர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், திருநெல்வேலிப் பக்கம். அட்டையைத் தொடாமல் பேசினார்.

“உக்காருங்கண்ணே. ஹெல்மெட் போட்டிருந்தீங்களா, மொதல்ல எனக்கு ஆள் தெரியல. முதல் திருப்பத்துல ஹாரன் கேட்டுச்சு. ரெண்டாவதுலயும் கேட்டுச்சு. கடைசியில கட்டைவிரலக் காட்டுனீங்க பாருங்க, நம்ம யார்டு ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு.”

“தப்புதான் சார்.”

“தப்புதான். ராத்திரி பூரா இத மேல எழுதிக் குடுக்கணுமா வேண்டாமான்னுதான் யோசிச்சேன்.” ஜன்னல் வழியாக யார்டைக் காட்டினார். “எட்டு வருசமா தெனம் காலையில கத்துதேன். நான் நின்னா ஹாரன் அடிக்காங்க, அந்தப் பக்கம் போனா ஒருத்தனும் அடிக்க மாட்டான். நான் சொன்னது ஒரு ஆள் தலைக்குள்ளயாவது போச்சான்னே எனக்குத் தெரியாது. நேத்து ஒரு மனுசன் ரேஸ் ஓட்டும்போதுகூட ஹாரன் அடிச்சுக்கிட்டே போறாரு. எல்லாவனும் சிரிக்கான். எனக்குச் சிரிப்பு வரலண்ணே.” மேஜைமேல் இருந்த அட்டையைக் காட்டினார். “உங்ககிட்டருந்து இத வாங்கிட்டு, நான் வேற யாருக்குக் குடுக்க?”

அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார். காகிதத்தை டிராயருக்குள் போட்டு மூடினார். “இனிமே போறதா இருந்தா என்கிட்ட சொல்லிட்டுப் போங்க. யோசிப்போம்.”

அட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். கதவுவரை போய்விட்டுத்தான் கேட்கத் தைரியம் வந்தது. “சார், நீங்க எப்படி ஓட்டுனீங்க?”

“நாலு கோன தட்டிட்டேன், பாத்துக்கிடுங்க,” என்றார், தலையைக் குனிந்துகொண்டு. “கோன் வைக்கதே நம்ம பொழப்பு. வெளிய சொல்லிராதீங்க.”

வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டேன். ஒரே மணியில் எடுத்தாள்.

“போச்சா?”

“இல்ல. கழுத்துலதான் கீது.”

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “சரி, போய் வேலையப் பாரு,” என்றாள்.

லைன் முனையில் ஒரு வெள்ளை வண்டி எனக்காகக் காத்திருந்தது. ஏறி உட்கார்ந்தேன், பெல்ட் போட்டேன். புறப்படும் முன் ஒரு ஹாரன் அடித்தேன். முதல் திருப்பம் வந்தது, சுற்றிலும் யாருமே இல்லை. அங்கேயும் அடித்தேன்.