ஏகாம்பரம் அண்ணனின் டேங்க்

1. கோணிப்பையில் வந்தது

பெயின்ட் அடித்துக் கொடுத்த பொருள் திரும்பி நம் வீட்டுக்கே வந்தால், அடித்தவளுக்கு அதைவிடக் கேவலம் வேறில்லை. பதினான்கு வருஷத்தில் எனக்கு அப்படி வந்தது ஒன்றே ஒன்றுதான். தன் மகள் கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள், ஏகாம்பரம் அண்ணன் ஒரு பைக்கின் பெட்ரோல் டேங்க்கைக் கோணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். சேத்துப்பட்டில் சம்பந்தி வீட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறார். பெட்ரோல் வாடை வருகிறது என்று கண்டக்டர் சத்தம் போட்டாராம்.

பையைப் பிரித்தேன். மூடியைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குக் கறுப்புப் பெயின்ட் சுருங்கிக் கொப்புளித்துக் கிடந்தது. அதற்கு அடியில், முதல் பூச்சாக அடித்த சாம்பல் நிற பிரைமர் பல்லைக் காட்டியது. பார்த்ததும் எனக்குக் காரணம் புரிந்துவிட்டது என்று எழுதத்தான் கை போகிறது. அது பொய். அடிக்கும்போதே எனக்குத் தெரியும்.

2. சாதா கிளியரும் டூ-கே கிளியரும்

என் வீட்டுக்காரர் ஆரணியில் பைக் மெக்கானிக். கடை ரோட்டோரம் என்பதால் ஒரே தூசு. ஈரப் பெயின்ட்டில் தூசு ஒட்டினால் சொரசொரவென்று ஆகிவிடும். அதனால் மட்கார்டு, சைடு பேனல், டேங்க் எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார். மொட்டை மாடியில் மூன்று பக்கம் தார்ப்பாய் கட்டி, ஸ்ப்ரே கேனில் நான் அடிப்பேன். ஸ்ப்ரே கன், கம்ப்ரஸர் எதுவும் கிடையாது. தெருவில் எனக்குப் பெயர் பெயின்டரக்கா. வேலையில் யாராவது நொட்டை சொன்னால் அவர்கள் ஒன்று சொல்வதற்குள் நான் பத்து சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த வாய்தான் என்னைக் கெடுத்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு விஷயம். மேலே பளபளப்புக்கு அடிக்கும் கிளியரில் இரண்டு வகை உண்டு. சாதா கிளியர் காய்ந்தால் கண்ணாடி மாதிரி மின்னும், ஆனால் பெட்ரோல் பட்டால் கரையும். டூ-கே கிளியர் கரையாது. அந்தக் கேனின் அடியில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே கிளியரை இறுக்குகிற ஹார்ட்னர் கலக்கும். கலந்த பிறகு ஒரே நாள்தான், மறுநாள் கேனுக்குள்ளேயே இறுகிவிடும். மற்ற பாகத்துக்கு எதை வேண்டுமானாலும் அடிக்கலாம்; டேங்க்குக்கு டூ-கேதான். இது எங்கள் வேலையில் அரிச்சுவடி.

3. மூன்று கோட்

ஏகாம்பரம் அண்ணன் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் கூலிக்குப் பட்டு நெய்கிறவர். ஒரே மகள் சுகன்யா. மாப்பிள்ளை வீட்டில் பைக் கேட்டார்கள். புதுசுக்கு வக்கில்லை, செகண்ட்ஹேண்ட் வாங்கி நன்றாகப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று எல்லார் முன்னாலும் ஒளிக்காமல் சொன்னவர் அவர். அவர்களும் சம்மதித்தார்கள்.

என்னிடம் வந்து, "பொண்ணு குடுக்கற எடம்மா. இதால ஒரு சொல்லு வந்துடக் கூடாது" என்றார்.

டூ-கே அடிக்கிறேன் அண்ணே, பத்து வருஷத்துக்கு அசையாது என்று மார்தட்டினேன். நான் கேட்டதைப் பேரம் பேசாமல் கொடுத்தார்.

பழைய பெயின்ட்டை எமரி பேப்பரால் தேய்த்து எடுத்தேன். ஓரிடத்தில் நசுங்கிச் சொட்டையாக இருந்தது, பட்டி வைத்து நிரப்பினேன். பிரைமர், அதன்மேல் கறுப்பு, எல்லாம் அழகாக வந்தது. கடைசியாக டூ-கே கேனை எடுத்தேன். முந்தின நாள் வேறொருவர் மட்கார்டுக்காகப் பொத்தானை அழுத்திய கேன் அது. பாதி மிச்சம் இருக்கிறதே, காலைவரை தாங்கும் என்று வைத்திருந்தேன். இரண்டு முறை துப்பிவிட்டு அடைத்துக்கொண்டது.

புதுக் கேன் வேலூரிலிருந்து வர வேண்டும். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தால் ஒரே நடையில் வாங்கி வந்திருப்பார். பாதிக் கேனை வீணாக்கினாயா என்று கேட்பார், அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து சாதா கிளியரை எடுத்து மூன்று கோட் அடித்தேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அண்ணன் வந்து பார்த்து, டேங்க்கில் தன் முகம் தெரிகிறது என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்.

4. அவர் கேட்ட கேள்வி

கல்யாணமாகி எட்டாம் நாள் மாப்பிள்ளையும் சுகன்யாவும் சொந்தக்காரர்களோடு மூன்று வண்டியில் கோயிலுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். பங்க்கில் குழாயின் நாசிலை டேங்க்கிலிருந்து எடுக்கும்போது கொஞ்சம் பெட்ரோல் சிந்தியது. மாப்பிள்ளை கைக்குட்டையால் துடைத்தார். பெயின்ட் கைக்குட்டையோடு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன், சம்பந்தி வீட்டுச் சாயம் வெளுத்துவிட்டது என்று அங்கேயே சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். சுகன்யா தலையைக் குனிந்தபடி நின்றிருக்கிறாள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"எதனாலம்மா இப்டி ஆச்சி? அவங்க கேட்டுகினே கீறாங்க. நான் போயி ஒரு பதில் சொல்லணும்."

அப்போது சொல்லியிருக்கலாம். நாங்கள் இரண்டு பேர்தான் மாடியில் இருந்தோம். தப்பு என்னுடையது அண்ணே என்று மூன்று வார்த்தை போதும். ஆனால் என் வாய் இருக்கிறதே.

"பெட்ரோல் பட்டா எந்தப் பெயின்ட்டும் இப்டித்தாண்ணே ஆவும். பங்க்ல சிந்தினவன் தப்பு. தைரியமா போய் சொல்லுங்க" என்றேன்.

அவர் நம்பினார். தறியைப் பற்றித் தனக்குத் தெரிகிற மாதிரி பெயின்ட்டைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நம்புகிற மனுஷன். காசு வாங்காமலே திரும்ப அடித்துத் தருகிறேன் என்றதும் என்னைக் கும்பிட்டார்.

இந்த முறை வேலூரிலிருந்து புது டூ-கே கேன் வரவழைத்து, ஒழுங்காக அடித்து, ஒரு வாரம் காயவைத்துக் கொடுத்தேன். என் கையில் அதைவிட நல்ல வேலை வந்ததில்லை.

5. சேத்துப்பட்டில் நடந்தது

டேங்க்கை மாட்ட என் வீட்டுக்காரரும் அண்ணனோடு போனார். திரும்பி வந்தவர் சாப்பிட உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

அண்ணன் அங்கே எல்லார் எதிரிலும், பெட்ரோல் பட்டால் எந்தப் பெயின்ட்டும் போகும், இது என் தப்பு இல்லை என்று நான் சொல்லிக்கொடுத்ததைத் தைரியமாகச் சொல்லியிருக்கிறார். தாய்மாமன் உள்ளே போய் ஒரு பாட்டிலில் பெட்ரோல் கொண்டுவந்திருக்கிறார். புதிதாக மாட்டிய டேங்க்மேல் ஊற்றினார். தன் துண்டால் அழுத்தித் துடைத்தார். துண்டில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை, டேங்க் மின்னிக்கொண்டு நின்றது.

"எந்தப் பெயின்ட்டும் போவும்னீங்களே சம்பந்தி, இது போவலியே. அப்ப மொதல்ல அடிச்சது இன்னா? கஞ்சத்தனம் பண்ணிட்டு பெட்ரோல் மேல பழி போடறீங்களே" என்று கேட்டாராம்.

நான் அனுப்பிய பொய்யும் அதைப் பொய் என்று காட்டுகிற சாட்சியும் ஒரே கோணிப்பையில் போயிருக்கின்றன. அண்ணன் காலிக் கோணிப்பையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். வாசலில் நின்ற சுகன்யா உள்ளே போய்விட்டாளாம்.

"நீ மொதல்ல டூ-கே அடிச்சியா, இல்லியா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

இல்லை என்றேன். அவர் திட்டவில்லை. கை கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அந்தப் பாதிக் கேனுக்காக வாங்க வேண்டிய பேச்சைத்தான் தவிர்க்கப் பார்த்தேன், பாருங்கள்.

6. அண்ணன் சொன்னதும் நான் கேட்காததும்

இரண்டு நாள் கழித்து ஏகாம்பரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தறியில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன் என்றும் சொல்லத்தான் வேண்டும்.

"அவரு பெட்ரோல் ஊத்தும்போதே தெரிஞ்சிபோச்சிம்மா" என்றார்.

அப்படியானால் அங்கேயே என் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொன்னா ஏமாளின்னுவாங்க. பொண்ணு குடுத்த எடத்துல ஏமாளின்னு பேரு வாங்கறதுக்கு கஞ்சன்னு வாங்கறது மேல. நீ ஒண்ணும் போயி பேசிகினு இருக்காத. அது தானா ஆறிடும்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் மனசு ஆற வேண்டும் என்று மறுநாளே சேத்துப்பட்டு பஸ் ஏறினேன். அவருக்காகப் போகிறேன் என்று வழி நெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்காகத்தான் போனேன்.

சம்பந்தியம்மாளும் தாய்மாமனும் வீட்டில் இருந்தார்கள். மரியாதையாக உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். நான்தான் பெயின்ட் அடித்தவள், அண்ணன் காசை முழுசாகக் கொடுத்தும் நான்தான் மட்டமான கிளியர் அடித்தேன், பெட்ரோல் கதையும் நான் சொல்லிக்கொடுத்ததுதான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். தாய்மாமன் முழுக்கக் கேட்டார்.

"சம்பந்தி சொல்லி அனுப்பினாரா?" என்றார்.

இல்லை, அவருக்குத் தெரியாது என்றேன். தாய்மாமன் சம்பந்தியம்மாளைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை நாள் விட்டு இப்போது ஒரு பொம்பளையை அனுப்பிப் பேச வைக்கிறாரே, பலே ஆள்தான் என்றார். சாமி மேல் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய அவர்களுக்குச் சந்தேகம்தான் கூடியது.

சுகன்யா என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தாள்.

"எங்கப்பா வராதன்னு சொல்லலியாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சொன்னார் என்றேன்.

"அப்புறம் ஏங்க்கா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டாள்.

7. கற்றுக்கொண்டது

பெயின்ட் வேலையில் எந்தத் தப்பும் தேய்த்துவிட்டுத் திரும்ப அடித்தால் சரியாகிவிடும். அந்தப் பழக்கத்தில் எல்லாத் தப்பையும் அப்படியே நினைத்துவிட்டேன். கெட்டுப்போன வேலையைக் கொண்டுவந்து ஒருவர் நம் எதிரில் நிற்கும்போதே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவர் படியிறங்கிப் போய் நம் வார்த்தையைத் தன் வார்த்தையாக நான்கு பேரிடம் சொன்ன பிறகு, அது நம் தப்பாக இருப்பதில்லை. அவர் தப்பாகிவிடுகிறது. அதன்பின் நாம் போய் என்ன சொன்னாலும் அவருக்குத்தான் இன்னும் கேடு. கஞ்சன் என்று மட்டும் பெயர் வாங்கிய மனுஷனுக்குச் சூதுக்காரன் என்ற பெயரையும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தவள் நான்.

சுகன்யா இப்போது தலைப்பிரசவத்துக்கு ஆரணி வந்திருக்கிறாள். பையன் பிறந்து பதினைந்து நாள் ஆகிறது. தெருவில் எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் போய்வந்தார். குழந்தைக்கு வாங்கிய சட்டை என் பீரோவில் இருக்கிறது, எனக்கு அந்த இரண்டு தெரு தாண்ட முகமில்லை.