கழுவிய பொறிகள்

அலுவலகப் பலகை அவரைப் 'பழ ஈ ஒழிப்பாளர்' என்கிறது. பொறியில் ஈயைக் கண்டால்தான் முகம் மலரும் ஒழிப்பாளர் அவர்.

அக்காவின் மாந்தோப்பில் அன்று ஒரு பொறியிலும் ஈ இல்லை. பழம் ஏற்ற மறுநாள் லாரி வரவிருந்தது.

"கடைசியில நீயும் ஈ ஓட்ட வேண்டியதுதான்டா தம்பி!" என்று அக்கா சிரித்தாள்.

அவர் அண்ணாந்து பார்த்தார். பொறி டப்பாக்கள் பளபளத்தன. "உள்ள இருந்த மருந்துக்கட்டை எங்கக்கா?"

"அதுவா? செத்த ஈயெல்லாம் ஒரே நாத்தம். தூக்கிப் போட்டுட்டு, டப்பாவ சோப்புப் போட்டுக் கழுவி மாட்டினேன்."

ஈக்கள் போகவில்லை, அவற்றை இழுக்கும் மருந்துக்கட்டையின் வாசனைதான் போயிருந்தது. உதிர்ந்த பழமொன்றைப் பிளந்தார். வெள்ளைப் புழுக்கள் துள்ளின. மரத்தில் தொங்கியவையோ மாசுமருவில்லாமல் மின்னின.

"எல்லாத்துலயுமாடா?" அக்காவின் குரல் இறங்கியது.

"வெளிய பாத்துச் சொல்ல முடியாது. லாரிய நிறுத்துக்கா."

அன்று ஒழிப்பாளர் ஓர் ஈயைக்கூடக் கொல்லவில்லை. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி, புழுக்கள் ஈயாகி வெளிவராதபடி ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தார்.