ஹிசாவோவின் எண்ணெய்ப் பக்குவம்

ஜப்பானின் ஷிசுவோக்கா நகரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஹிசாவோவுக்கு ரிமோட் கார் பந்தயம் என்றால் உயிர். வளைவில் கார் வழுக்காமல் திரும்புவது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டிக்குள் ஊற்றும் எண்ணெயின் கெட்டித்தன்மையைப் பொறுத்தது. கெட்டி எண்ணெயையும் இளகிய எண்ணெயையும் சொட்டுக் கணக்கில் கலந்து, குமிழி அடங்கும்வரை கடை அலமாரியில் வைத்துக் காத்திருப்பார். பக்குவம் கேட்டால் மட்டும் வாயே திறக்கமாட்டார்.

இந்த முறையும் கோப்பை அவருக்கே. தோற்றுப்போன கமேதா கடைக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, கால்ல வேணா விழறேன். அந்தக் கலவையைச் சொல்லிடுங்க.”

மிடுக்காக அலமாரிப் பக்கம் திரும்பிய ஹிசாவோ அப்படியே நின்றுவிட்டார். மனைவி தொமியே அங்கிருந்த ஒரு குப்பி கார் எண்ணெயை இன்னொரு குப்பியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“குறைஞ்ச குப்பியை நிரப்புறேங்க. ஷாம்பூவுக்கும் இப்படித்தானே பண்றோம்.”

“எப்போலேர்ந்து?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

சுவரோரம் வரிசையாக நின்ற கோப்பைகளை ஹிசாவோ வெறித்துப் பார்த்தார்.

“எவ்வளவு... எவ்வளவு ஊத்துவே?”

“அதை யாரு அளந்தா? கழுத்து வரைக்கும்.”

கமேதா ஹிசாவோவை விட்டுவிட்டு, தொமியேயின் முன் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.